ஃபைபர் காரின் அடியில் இருக்கும் இரும்பு

ஃபைபர் பாடி வண்டிக்குத் துரு ஏறாது என்று சொல்லித்தான் ஒரு பழைய டால்ஃபின் காரையோ சான் ஸ்டார்ம் காரையோ கைமாற்றி விடுகிறார்கள். அது பாதிதான் சரி. கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்து இறுகிய உடம்பு எத்தனை மழை நனைந்தாலும் துருப்பிடிக்காது. அந்த உடம்பைச் சுமக்கும் சேஸ் இரும்பு. இரண்டையும் கட்டிப்போடும் போல்ட், நட், தாங்கு தகடு, ரெசினுக்குள் புதைத்து வைத்த பட்டை, இவையும் இரும்புதான். பட்டறைப் பேச்சில் பாடி மவுண்ட் என்பது இந்த இணைப்பிடங்களைத்தான். தகர பாடியில் துரு வந்தால் பெயின்ட் குமிழ் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபைபர் வண்டியில் மேலே பளபளப்பு அப்படியே இருக்க, அடியில் மவுண்ட் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருக்கும்.

இதை எப்படிச் சரிசெய்வது என்பதில் மெக்கானிக்குகளுக்குள் எங்குமே ஒரே கருத்து கிடையாது. திருச்சியில் இருந்து பார்க்கும்போது கேள்வி இன்னும் கொஞ்சம் சிக்கலாகிறது. மன்னார்புரத்துக்குக் கிழக்கே பொன்மலை ரயில்வே பணிமனை. நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து 1928 முதல் இங்கே இயங்குகிறது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே கட்டிக் கொடுத்த இடம். அதற்கும் அப்பால் திருவெறும்பூரில் 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய பெல் ஆலை, அதன் வளாகத்திலேயே 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். இரும்பை வெட்டி ஒட்டத் தெரிந்த கைக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. ஃபைபர் வேலை தெரிந்த கை வேறு திசைகளில் இருக்கிறது: மேற்கே கரூரின் பஸ் பாடி கட்டும் கூடங்களில், கிழக்கே நாகப்பட்டினக் கடற்கரையின் படகுக் கொட்டகைகளில். மவுண்ட் ரிப்பேர் பாழாவதற்கு இந்த இடைவெளிதான் முதல் காரணம் என்பது என் கணிப்பு. இரும்புக்காரர் ஃபைபரைப் பொசுக்கிவிடுகிறார். ஃபைபர்காரர் துருவின் மேலேயே கண்ணாடி இழை மேட் வைத்து ரெசின் பூசி மூடிவிடுகிறார். ஒருவர் செய்ததற்கு மற்றவர் பொறுப்பில்லை.

எந்தெந்த வண்டிகளுக்கு இந்தப் பேச்சு பொருந்தும் என்று முதலில் பார்த்துவிடலாம். இந்தியாவில் பட்டியல் சின்னது. பெங்களூரு சிபானி நிறுவனத்தார் முதலில் பாதல் என்ற மூன்று சக்கர வண்டியை விட்டார்கள். பிறகு 1982 வாக்கில் பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டனை அடிப்படையாக வைத்து டால்ஃபின் வந்தது. 848 சிசி அலுமினிய எஞ்சின், பின்சக்கர ஓட்டம், இரும்புச் சேஸ், மேலே ஃபைபர் உடம்பு. குடும்ப வண்டியாக அது பெரிதாக எடுபடவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் கதை முடிந்தது. ஆனால் எடை குறைவு என்பதால் ராலி ஓட்டுபவர்களுக்கு அது செல்ல வண்டி. அதே பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ் 1990-களின் கடைசியில் சான் ஸ்டார்ம் என்ற இரண்டு சீட் திறந்த காரை விட்டது. ரெனோ எஞ்சின், ஃபைபர் பாடி. அலிபாக்கில் சிங்காரா ரோட்ஸ்டர் என்று ஒன்று. நம் பக்கத்தில் கோயம்புத்தூர் கரிவர்தன் 1980-களின் கடைசியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளும் இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் ஃபைபர் போர்த்தியவைதான். சோழவரம் விமான ஓடுதளத்திலும் பின்னர் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓட்டியவர்களுக்கு அந்தப் போர்வையை மாற்றுவது சாதாரண வேலை. ஒவ்வொரு மோதலுக்கும் ஒன்று உடையும்.

ஃபைபர் இல்லாவிட்டாலும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டிய வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் 1961 முதல் பத்தாண்டுகள் தயாரான அந்த கார் தகர பாடிதான். ஆனால் நடுவில் முதுகெலும்பு போன்ற சேஸ், அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், அந்தக் கைகளின் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு உட்காரும் பாடி என்று அமைப்பு இதே மாதிரி. கை அரித்துப் போய்க் கதவு தொங்கும் ஹெரால்டைப் பார்த்துப் பழகிய பழைய மெக்கானிக் டால்ஃபினின் அடியில் படுத்ததும் எங்கே தட்டிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்வார். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கான அனுபவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஹெரால்டிலிருந்துதான்.

வெளிநாட்டில் இது பெரிய துறையே. அமெரிக்காவின் செவ்ரலே கார்வெட் 1953-இல் முந்நூறு வண்டிகளோடு தொடங்கியபோதே ஃபைபர் பாடி. 1963 முதல் அதன் பாடிக்குள்ளேயே முன்கண்ணாடியையும் கதவுத் தூண்களையும் சுற்றி ஓர் இரும்புக் கூண்டு. பறவைக்கூண்டு என்றுதான் அதற்குப் பெயர். கூண்டு கட்டிய பாடியும் சேஸும் பல இடங்களில் சந்திக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் சேஸ் மேலேறும் வளைவில் சேறு சேர்ந்து அங்கேதான் அதிகம் அரிக்கும். பிரிட்டனின் லோட்டஸ் எலான் 1962-இல் வந்தபோது ஃபைபர் உடம்புக்குள் உலோகக் குமிழ்களை ரெசினோடு சேர்த்து வார்த்து, அந்தக் குமிழ்களில் சேஸை போல்ட் போட்டார்கள். டி.வி.ஆர். வண்டிகளில் சேஸின் ஓரக் குழாய்கள்தான் எல்லோரும் புலம்பும் இடம். சீட் பெல்ட்டே அந்தப் பகுதியில்தான் பிடித்திருக்கும். அங்கே துரு என்றால் பெயின்ட் வேலை என்று யாரும் நினைப்பதில்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

துரு ஏன் இங்கேயே வருகிறது? மவுண்டில் மூன்று நான்கு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன: சேஸ் தகடு, ரப்பர், அளவு சரிக்கட்டும் ஷிம் தகடுகள், வாஷர், ஃபைபர். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. சக்கரம் அடித்த சேறு மேலே ஒட்டிக் காய்ந்து அடுத்த மழையில் மறுபடி ஊறும். சேஸின் பெட்டிப் பகுதிகளில் வடிகால் ஓட்டை அடைத்துக்கொண்டால் உள்ளிருந்தே அரிக்கும். சில வண்டிகளில் பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் அலுமினியத் துண்டு இருக்கும். ஈரத்தில் இரண்டு உலோகம் சேர்ந்தால் அரிப்பு இன்னும் தீவிரம். கார்வெட் 1973-இல் அலுமினியத்தை விட்டு ரப்பருக்குப் போனது அதிர்வுக்காகத்தான் என்றாலும் இந்த விஷயத்திலும் நல்லதாயிற்று.

இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருமனாகும் என்பதை மறக்கக் கூடாது. ரெசினுக்குள் புதைந்த பட்டை துருப்பிடித்தால் அது வீங்கிச் சுற்றியுள்ள ஃபைபரை அடுக்கடுக்காகப் பிளக்கும். மேலே பெயின்ட்டில் நட்சத்திரம் மாதிரி விரிசல் தெரியும். அதைப் பட்டி வைத்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும். திருச்சியின் வறண்ட வெயில் இந்த வகையில் உபகாரம். இங்கேயே பிறந்து வளர்ந்த வண்டி ஓரளவு தப்பித்திருக்கும். ஆனால் பழைய ஃபைபர் கார்கள் ஊர் மாறி ஊர் மாறித்தான் வருகின்றன. சென்னையிலோ புதுச்சேரியிலோ கடல் காற்று குடித்த வண்டியை இங்கே கொண்டுவந்து வெயிலில் நிறுத்தினால் அதற்குள் உட்கார்ந்திருக்கும் உப்பு போய்விடாது.

சோதிப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கார்ப்பெட்டைக் கிழித்தெடுத்துவிட்டு, ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரால் மவுண்டைச் சுற்றிக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல தகட்டில் டிங் என்று கேட்கும். அரித்த தகட்டில் பொத்தென்று இறங்கும். கதவைத் திறந்து மேலும் கீழும் அசைத்தால் கீல் ஆடுகிறதா, தூணே ஆடுகிறதா என்று தெரியும். வண்டியின் ஒரு மூலையை ஜாக்கியில் ஏற்றும்போது கதவு இடைவெளி மாறினால் மவுண்ட் விட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னொரு அடையாளத்தை எலக்ட்ரீஷியன்தான் முதலில் பார்ப்பார். ஃபைபர் மின்சாரம் கடத்தாது. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் சேஸுக்கோ கூண்டுக்கோ போகும். அந்த எர்த் பிடிக்கும் இடம் துருப்பிடித்தால் இண்டிகேட்டர் போட்டவுடன் பின்விளக்கும் சேர்ந்து மினுக்கும். ஒயரிங் கோளாறு என்று பல்பும் ரிலேயும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இனி, எல்லோரும் சண்டை போடும் கேள்வி. பாடியைக் கழற்ற வேண்டுமா, கழற்றாமலே செய்யலாமா?

கழற்ற வேண்டாம் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பழைய ஃபைபர் பாடி இத்தனை வருஷம் சேஸின் மேல் உட்கார்ந்து அதன் வடிவத்தோடு பழகியிருக்கிறது. தூக்கினால் முறுக்கிக்கொள்ளும், மறுபடி உட்காராது, ஸ்டீயரிங் தண்டிலிருந்து பிரேக் பைப் வரை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், பிரிக்கிற இடமெல்லாம் புதுச் செலவு. டி.வி.ஆர். காரர்கள் பலர் இதற்கு ஒரு நடுவழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: பாடியை முழுதாக எடுக்காமல் சில அங்குலம் மட்டும் உயர்த்தி, மரக்கட்டை கொடுத்து, இடுக்கில் வேலை பார்ப்பது.

என் சார்பு கழற்றுவதன் பக்கம். நம் ஊரில் பட்டறைக் கூலியைவிட உதிரிபாகம்தான் ஆனை விலை. நேரத்தைச் செலவிட்டு நன்றாகச் செய்வதற்கு இங்கே தடை குறைவு. ஃபைபர் உடம்பு எடை குறைவு. டால்ஃபின் அளவுள்ள வண்டியின் உடம்பைக் கண்ணாடி, கதவு, சீட் எல்லாம் எடுத்துவிட்டால் கிரேன் இல்லாமல் ஆட்கள் சேர்ந்தே தூக்கி வைக்கலாம். பெரிய காரணம் நெருப்பு. பாலியெஸ்டர் ரெசின் நன்றாகவே எரியும். சேஸின் மேல் பாடி உட்கார்ந்திருக்கும்போது அடியில் வெல்டிங் தீப்பொறி போனால், மறுபக்கத்தில் கார்ப்பெட் பசையும் ரெசினும் புகையத் தொடங்குவது கீழே படுத்திருப்பவருக்குத் தெரியாது. ஈரச் சாக்கு போடலாம், ஆளை நிற்க வைக்கலாம். ஆனால் தகட்டின் மேற்பக்கத்தைக் கண்ணால் பார்க்காமலே வெல்டிங் செய்து, அந்தப் பக்கத்துக்கு பிரைமரும் அடிக்காமல் விட்டால், புது மவுண்டின் துரு அன்றே தொடங்கிவிட்டது.

திறந்த கார் விதிவிலக்கு. கூரை இல்லாத உடம்பை அப்படியே தூக்கினால் கதவு வெட்டில் நடுவாக மடங்கும். சான் ஸ்டார்ம் போன்றவற்றுக்குக் கதவு வாசலின் குறுக்கே ஆங்கிள் இரும்பை போல்ட் போட்டுக் கட்டி, இரண்டு கதவு வாசல்களின் மூலைவிட்ட அளவையும் எடுத்து எழுதி வைத்த பிறகே தூக்க வேண்டும். ஒரே ஒரு மவுண்ட் மட்டும் போய் மற்றதெல்லாம் திடமாக இருந்தாலும் தூக்கும் அவசியம் இல்லை.

தூக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பெரும்பாலும் விட்டுப்போகிறது. ஒவ்வொரு மவுண்டிலும் எத்தனை ஷிம், என்ன கனம் என்று குறித்து, அந்தந்தப் பையில் போட்டு எண் எழுதி வைக்க வேண்டும். தொழிற்சாலையில் வண்டி வண்டியாகப் பார்த்துப் போட்ட தகடுகள் அவை. ஒரு மவுண்டின் தகடு இன்னொன்றுக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டால் கதவு இடைவெளியைத் தேடி வாரக்கணக்கில் அல்லாட வேண்டியதுதான்.

போல்ட் கழற்றுவது தனிப் பாடு. நட் பெட்டிக்குள் கூண்டு போட்டு அடைபட்டிருக்கும்; கூண்டு அரித்துவிட்டால் போல்ட்டைத் திருகத் திருக நட்டும் கூடவே சுற்றும். கேஸ் வைத்துச் சூடாக்குவது நம் பட்டறைகளில் கை தானாகச் செய்யும் காரியம். ஃபைபருக்கு ஒட்டி அதைச் செய்யவே கூடாது. துரு இளக்கும் எண்ணெயை நாள் கணக்கில் ஊறவிட்டு முயல வேண்டும். வராவிட்டால் மேலிருந்து தலையைத் துளைத்து எடுத்து, பாடியைத் தூக்கிய பிறகு மிச்சத்தை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

இரும்பு வேலையில் திருச்சிக்காரருக்குச் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை என்று நினைப்போம். ஒன்று உண்டு. கொதிகலன் குழாயிலும் கனத்த பிளேட்டிலும் கை பழகிய வெல்டருக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தகடு என்பது வேறு உலகம். ஆர்க் ராடு வைத்தால் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்க மேலும் மெட்டல் போட, தகடு இழுத்துக்கொள்ளும். இந்த வேலைக்கு CO2 வெல்டிங், சின்ன ஒயர், ஒரு புள்ளி இங்கே ஒரு புள்ளி அங்கே என்று டேக் அடித்து ஆறவிட்டுச் சேர்ப்பது. பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி ஓரம் சுற்றி வெல்டிங் வைப்பது எல்லா டிங்கர் பட்டறையிலும் நடக்கிறது. பேட்ச் என்று பில்லில் எழுதுகிறார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் துரு அப்படியே இருக்கும். பிரகாசமான உலோகம் தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே கனத்தில் அதே மடிப்போடு புதுத் துண்டைச் செய்து, முட்டுக்கு முட்டு வைத்து ஒட்டுவதுதான் வேலை. பழைய துண்டு உதிர்ந்து போயிருந்தால் மறுபக்கத்து மவுண்டை அட்டையில் வரைந்து திருப்பிப் போட்டு மாதிரி எடுக்கலாம்.

வெல்டிங்குக்குப் பிறகு ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்து முடித்துவிடும் வழக்கம் போதாது. துத்தநாகம் நிறைந்த பிரைமர் முதலில், அதன் மேல் எபாக்சி பிரைமர், மடிப்புகளில் சீலர், மூடிய பெட்டிக்குள் மெழுகு. முழுச் சேஸையும் கழற்றியாயிற்றே, சூட்டில் முக்கி கால்வனைஸ் செய்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் துத்தநாகத் தொட்டி சுமார் 450 டிகிரி சூட்டில் உருகி நிற்கிறது. மெல்லிய தகடு கோணிக்கொள்ளலாம், காற்றுத் துளை இல்லாத மூடிய குழாய் வெடிக்கவே செய்யலாம். சேஸில் குத்திய எண்ணும் துத்தநாகத்தில் மூழ்கிவிடும்.

ஃபைபர் பக்கம் வேறு விதமான கவனம் கேட்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகை, கடலூர்க் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகியபோது ரெசின் வேலை தெரிந்த ஒரு தலைமுறையே உருவானது. மேட்டை விரித்து, ரோலரால் காற்றுக் குமிழைத் துரத்தி, அடுக்கு மேல் அடுக்கு வைப்பதில் அவர்கள் கை நேர்த்தி தனி. கார் பாடியில் அவர்கள் சறுக்கும் இடம் பழைய ஃபைபரும் புது ஃபைபரும் சேரும் விளிம்பு. நாற்பது வருஷம் இறுகிய ரெசினோடு புது ரெசின் வேதியியலாகச் சேராது. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். ஆகவே பெயின்ட், பட்டி, பழைய ஜெல்கோட் எல்லாவற்றையும் கிரைண்டரால் எடுத்து, உடைந்த விளிம்பை ஃபைபரின் கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்துவிட்டுத்தான் மேட் வைக்க வேண்டும். அந்தத் தூசி தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும், நெஞ்சுக்குள் போனால் அதைவிட மோசம். துண்டைக் கட்டிக்கொண்டு தேய்ப்பவர்கள் நல்ல மாஸ்க் வாங்கிக்கொள்ளட்டும்.

திருச்சி வெயிலும் கணக்கில் வரும். ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு என்பது பொதுக் கணக்கு. மே மாதம் நாற்பது டிகிரியில் இரண்டு பங்கு விட்டால் பிரஷ் கையில் இருக்கும்போதே ரெசின் கெட்டியாகிவிடும். காலை வேளையில், குறைத்து விட்டு, சின்னச் சின்னக் கலவையாகச் செய்வது உத்தமம். தடிமனாக ஒரே மூச்சில் வைத்தால் உள்ளே சூடேறி வெடிப்பு விடும். ரெசினை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலப்பது வெடி விபத்து. ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே மற்றது.

இரும்பும் ஃபைபரும் ஒட்டும் இடத்தில் பாலியெஸ்டர் ரெசினை நம்பக் கூடாது. அது இறுகும்போது சுருங்கும், உலோகத்தை இறுகப் பற்றாது. அந்த மயிரிழை இடைவெளியில் நீர் ஏறித்தான் பழைய பட்டை துருப்பிடித்தது. அங்கே எபாக்சி வகைப் பசைதான் சரி. எபாக்சியோடு சாதாரண மேட் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணி. புதைக்கிற பட்டைக்கு மைல்டு ஸ்டீலுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் போட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்கும் தொல்லை இல்லை.

ரப்பருக்கு அலைய வேண்டாம். டால்ஃபினின் ரப்பர் கடையில் கிடைக்காது. லாரி கேபின் ரப்பரில் கனமும் கடினமும் ஒத்த ஒன்றைத் தேடி லேத்தில் கடைந்துகொள்ளலாம். நடுவில் இரும்புக் குழாய் ஸ்பேசர் கட்டாயம். அது இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் ரப்பர் நசுங்கி, பிறகு ஃபைபர் நொறுங்கும். வாஷர் எத்தனை பெரிதோ அத்தனை நல்லது. எர்த் ஒயர்களைப் புதுப்பித்து, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி ஒரு சுற்று பார்க்க வேண்டும்.

யாரிடம் கொடுப்பது என்பதற்கு என் பதில் வரிசைதான். பிரித்து அளவெடுப்பது ஒரு கார் மெக்கானிக். பிறகு சேஸ் மட்டும் வெல்டரிடம் போகட்டும். பாடி வேறிடத்தில், வெல்டிங் நடக்கும் கூரைக்கு அப்பால், படகுக்கோ பஸ்ஸுக்கோ ஃபைபர் செய்பவரிடம். முடிந்த சேஸின் மேல் பாடியை ஒருமுறை காலியாக வைத்துப் பார்த்து, மவுண்ட் ஓட்டைகள் நேராக வருகின்றனவா என்று சரிபார்த்த பிறகுதான் இரும்பில் கடைசி வெல்டிங்கும் ஃபைபரில் கடைசி அடுக்கும். அந்த ஒருநாள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தே ஆக வேண்டும். வண்டிக்காரர் கூடவே நிற்க முடியாவிட்டால் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமும் ஒரு கண் வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கும்போது சேஸ் எண்ணைத் தேய்த்துப் பார்ப்பார்கள். எண் குத்திய துண்டில் வெட்டோ வெல்டிங்கோ கூடாது. ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு கொண்டுவந்தது: வி.ஏ. வரிசை எண், இருபதாயிரம் ரூபாய் கட்டணம், பத்து வருஷம் செல்லுபடி. அதற்குத் தகுதி பெற வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்த பெரிய பழுதுபார்ப்பு நடந்திருக்கக் கூடாது. அரித்த மவுண்டை அதே அளவில் அதே இடத்தில் திரும்பக் கட்டுவது மாற்றம் ஆகாது என்று வாதிடலாம். வசதிக்காக மவுண்டை நகர்த்தி வைத்தவரும், கைக்குக் கிடைத்த வேறு சேஸில் பாடியை ஏற்றியவரும் வாதிட முடியாது. முதல் டால்ஃபின்கள் 2032-இல்தான் ஐம்பதைத் தொடும். இப்போது மவுண்ட் வேலை செய்பவர்கள் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து ஆர்.சி. ஃபைலில் போட்டு வைத்தால் அந்த வருஷம் கைகொடுக்கும்.